நீலப் பரலில் மீன் தொட்டிக்கு ஒரு வடிகட்டி

வன்னியில் இருந்துகொண்டு வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டியிருக்கிறேன் என்று சொன்னால் சனம் சிரிக்கும். இங்கே குளம் என்றால் இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம். கட்டு வேண்டும், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடத் துருசு வேண்டும், மாரியில் மிஞ்சின தண்ணீர் வழிந்தோட வான் பாயவேண்டும், கீழே வயல் இருக்கவேண்டும். எங்கள் வளவில் இருப்பது 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு சீமெந்துக் கிடங்கு. மாமா வந்து பார்த்துவிட்டு, "உதுக்குள்ள ஒரு எருமை படுக்கவும் காணாது, தம்பி" என்றார். அதனால் இனித் தொட்டி என்றே எழுதுகிறேன்.

இந்தத் தொட்டிக்கு இதுவரை மூன்று வடிகட்டி செய்துவிட்டேன். முதல் இரண்டும் சரிவரவில்லை. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது, அதைச் செய்கிற விதத்தைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் முதல் இரண்டின் கதையையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிற ஆட்கள் அநேகமாக அதில்தான் போய் விழுவார்கள்.

முதலாவது, பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் வருகிற அதே படம். மேலே மணல், நடுவில் சிரட்டைக்கரி, கீழே கல்லு. குடிதண்ணீருக்கு அது நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. மீன் தண்ணீரை விட்டபோது ஐந்தாம் நாளே மணலுக்கு மேல் பச்சைக் களி மாதிரி ஒரு ஆடை படிந்து, தண்ணீர் கீழே இறங்காமல் வாளி நிரம்பி வழிந்து, விடியப் பார்த்தால் தொட்டியில் முக்கால் அடித் தண்ணீர்தான் மிச்சம், மீன்கள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மீனின் கழிவு மாவு மாதிரி நுண்ணியது, மணலின் இடைவெளியை அது நாலைந்து நாளில் அடைத்துவிடும்.

இரண்டாவது, பழைய மெத்தைப் பஞ்சை வெட்டி வாளிக்குள் அடைத்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பஞ்சை எடுத்துச் சவர்க்காரம் போட்டு, பிழிந்து, வெள்ளை வெளேரென்று கழுவி வைப்பேன். தண்ணீர் தெளிவு, பஞ்சு துப்புரவு, மீன் மட்டும் கிழமைக்கு ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தது. எனக்குக் காரணம் விளங்கக் கனகாலம் எடுத்தது.

காரணம் இதுதான். மீன் சாப்பிட்டுக் கழிக்கிறதில் இருந்தும் செவுளில் இருந்தும் அமோனியா வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உள்ளே கரைந்திருக்கும், மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும், அது மீனுக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை, செடிக்குப் பசளை. இந்த இரண்டு வகையும் தண்ணீரில் மிதந்து திரிவதை விட, எதிலாவது ஒட்டிக்கொண்டு வழவழப்பான ஒரு படலமாக வாழத்தான் விரும்பும். அவற்றுக்கு ஒட்ட இடம் வேண்டும், ஓடுகிற தண்ணீர் வேண்டும், ஒட்சிசன் வேண்டும். நான் சவர்க்காரம் போட்டுக் கழுவியது அந்தக் குடியைத்தான். ஆகவே வடிகட்டி என்ற பெயரில் நாம் கட்டப்போவது முக்கால்வாசி பக்டீரியாவுக்கு ஒரு வீடு, கால்வாசிதான் ஊத்தை பிடிக்கிற அரிதட்டு. இதை மனதில் வைத்திருந்தால் கீழே வருகிற அளவுகள் எல்லாம் ஏன் அப்படி என்று தானாக விளங்கும்.

முதலில் கணக்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28.3 ஆல் பெருக்கினால் லீற்றர். என் தொட்டி 80 கன அடி, ஏறக்குறைய 2260 லீற்றர். வடிகட்டி தொட்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் தாராளம், அதனால் 200 லீற்றர் நீலப் பரல் ஒன்று போதும். தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை பரலுக்குள்ளால் போய் வரவேண்டும், அதாவது மணித்தியாலத்துக்கு 1100 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே.

பரலை எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் கவனம். இங்கே வயல் செய்கிற இடம், மருந்து வந்த பரலும் கானும் மலிவாகக் கிடைக்கும், எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறினது முழுக்கப் போகாது. சாப்பாட்டுச் சாமான் வந்த பரலாகப் பாருங்கள். மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் ஊறுகாய், வினாகிரி, பழச்சாறு ஏதாவது மணக்கவேண்டும். ஒன்றுமே தெரியாத இரசாயன மணம் அடித்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். எனது பரல் இன்றைக்கும் வெயில் நேரத்தில் மாங்காய் மணக்கும்.

ஹாட்வெயாரில் வாங்கவேண்டியது கொஞ்சம்தான். முக்கால் அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப் ஒரு நீளம், அதற்கு மூன்று எல்போ. இரண்டு அங்குல பைப் அரை நீளம். டாங்க் நிப்பிள் என்று கேளுங்கள், தண்ணீர்த் தாங்கியில் குழாய் பூட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் வாசர் வைத்து இறுக்குவார்களே, அது. இரண்டு அங்குலத்தில் இரண்டு, ஒரு அங்குலத்தில் ஒன்று. ஒரு அங்குல போல் வால்வு ஒன்று. பைப் கம். சிலிக்கன் வாங்கினால் குளியலறைக்கு விற்கிற பூஞ்சணம் பிடிக்காத வகையை வாங்கவேண்டாம், பூஞ்சணத்தைக் கொல்ல அதில் போட்டிருப்பது மீனுக்கும் ஆகாது. கடைக்கார அண்ணை என்னிடம், "தண்ணித் தாங்கியோ கட்டுறீங்கள்?" என்று கேட்டார். மீனுக்கு என்றதும் இரண்டு அங்குலம் வேண்டாம், முக்கால் காணும் என்று காசை மிச்சம் பிடித்துத் தரப் பார்த்தார். நல்ல மனுசன், ஆனால் அந்த இடத்தில்தான் அவர் சொல்வதைக் கேட்கக்கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். பரலுக்குள் வருகிற தண்ணீரை மோட்டர் தள்ளுகிறது. வெளியே போகிற தண்ணீரைத் தள்ள ஆள் இல்லை, அது தன் பாரத்தில் வழிந்து போகவேண்டும். வருகிற குழாயும் போகிற குழாயும் ஒரே அளவு என்றால் வருகிறது வெல்லும், பரல் நிரம்பி வழியும், தொட்டி வற்றும். இரணைமடுவைப் பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. துருசு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வான் அகலமாக இருக்கவேண்டும். ஆகவே உள்ளே வருவது முக்கால், வெளியே போவது இரண்டு. அதற்கு இரண்டு அங்குலம் மேலே, எதிர்ப்பக்கத்தில் இல்லாமல் அதே பக்கத்தில், துளைகள் ஒன்றோடொன்று முட்டாமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி, இன்னொரு இரண்டு அங்குலக் குழாய், அதுதான் வான். கீழ்க்குழாயில் ஒரு இலையோ தவளையோ அடைத்தால் தண்ணீர் மேல்க்குழாயால் வழிந்து திரும்பவும் தொட்டிக்குள்தான் விழவேண்டும், வாழையடிக்குள் போய்விடக்கூடாது.

இனி வேலை. பரலின் மேல்த் தட்டை விளிம்போடு வெட்டி எடுங்கள், அதையே பிறகு மூடியாக வைக்கலாம். இரண்டு அங்குலக் குழாய்க்கான துளையை மேலிருந்து 6 அங்குலத்தில் போடுங்கள், வானுக்கு 4 அங்குலத்தில். வட்டம் வெட்டுகிற டிரில் பல்லு இல்லாவிட்டால், பென்சிலால் வட்டம் கீறி, அந்தக் கோட்டின் உள்பக்கமாகச் சின்னச் சின்னத் துளைகள் நெருக்கிப் போட்டு, நடுவைத் தட்டி எடுத்துவிட்டு அரத்தால் ராவலாம், அரை மணித்தியால வேலை. இரும்புக் குழாயை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிற முறையை நானும் செய்தேன், ஓரம் உருகித் தடித்துப்போய் வாசர் இருக்கவில்லை, இரண்டு மாதம் சொட்டிக்கொண்டே இருந்தது. அடிப்பக்கத்தில், தரையில் இருந்து 2 அங்குலத்தில் ஒரு அங்குலத் துளை போட்டு போல் வால்வைப் பூட்டுங்கள், அது ஊத்தை திறந்துவிட.

பரலை வைக்கிற இடம் சமமாக, இறுக்கமாக இருக்கவேண்டும். நிறைந்த பரல் 200 கிலோவுக்கு மேலே, மாரியில் மண் இளகினால் சரியும். நான்கு சீமெந்துக் கல்லை நிலத்தை இடித்துப் படுக்கவைத்து அதன்மேல் வைத்தேன், ஊத்தை வால்வு இருக்கிற பக்கம் ஒரு அரை அங்குலம் பதிவாக.

தண்ணீர் கீழிருந்து மேலே ஏறவேண்டும், இதுதான் இந்த வடிகட்டியின் சூட்சுமம். முக்கால் பைப் பரலின் விளிம்புக்கு மேலால் வந்து, எல்போவில் திரும்பி, உள்ளே சுவரோடு கீழே இறங்கி, அடியில் இருந்து 4 அங்குலத்தில் முடியவேண்டும். அங்கே கடைசி எல்போவைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டாகத் திருப்பி விடுங்கள். தண்ணீர் அடியில் வட்டமாக மெதுவாகச் சுற்றும், பாரமான ஊத்தை நடுவில் சேர்ந்து படியும், தெளிந்தது மேலே ஏறும். மேலிருந்து ஊற்றினால் ஊத்தை முழுக்க மேல்த்தட்டில் படிந்து என் மணல் வாளியின் கதைதான் திரும்பவும்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் துளை. விளிம்புக்கு மேலே வருகிற எல்போவில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு ஆணி பருமனில் கீழ்நோக்கி ஒன்று போடுங்கள். மோட்டர் ஓடும்போது அதனால் கொஞ்சம் தண்ணீர் பரலுக்குள்ளேயே பீச்சும், பரவாயில்லை. மின்சாரம் நின்றதும் அந்தத் துளையால் காற்று உள்ளே போய் குழாயில் தண்ணீர் தொடர்பு அறும். துளை இல்லாவிட்டால் என்ன நடக்கும்? வயலில் ஓஸ் பைப்பை வாயால் உறிஞ்சி விட்டால் தண்ணீர் தானாக வருமே, அதேமாதிரி பரல் தண்ணீர் முழுவதும் அடியில் கிடக்கிற ஊத்தையையும் அள்ளிக்கொண்டு மோட்டர் வழியாகத் தொட்டிக்குள் திரும்பிப் போகும். ஒருநாள் கரண்ட் போய் அரை மணித்தியாலத்தில் என் தொட்டி தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது, அன்றைக்குத்தான் ஆணியைக் காய்ச்சினேன்.

உள்ளே என்ன போடுவது? முதலில் அடியில் 6 அங்குலம் வெறுமையாக இருக்கவேண்டும், ஊத்தை படிய. அதற்கு அடி அகலமான பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, மேலே பிளாஸ்டிக் கோழிவலை ஒரு வட்டம் வெட்டிப் போட்டால் சரி. இரும்பு வலை வேண்டாம், துருப்பிடித்து ஒருநாள் எல்லாம் கீழே இறங்கும்.

அதற்கு மேலே என் பரலில் இருப்பது பழைய மீன்வலை. சொன்னால் நம்பமாட்டீர்கள், கடையில் பெட்டியில் போட்டு விற்கிற சாமான் எதையும் விட இது நல்லது. முல்லைத்தீவுப் பக்கம் கள்ளப்பாட்டில் இருக்கிற ஒரு தெரிந்த அண்ணை கிழிந்த நைலோன் வலை ஒரு உரப்பை நிறையத் தந்தார். நைலோன் உக்காது, நூலுக்கு நூல் இடைவெளி உண்டு, தண்ணீர் தடையில்லாமல் போகும், ஒரு பிடி வலையை விரித்தால் முற்றம் நிறையும், அவ்வளவு இடம் பக்டீரியாவுக்கு. ஆனால் போடமுன்னர் ஓரக் கயிற்றை முழுக்கத் தடவிப் பாருங்கள். ஈயக்குண்டு இருக்கும், ஒன்று விடாமல் வெட்டி எடுக்கவேண்டும், ஈயம் தொட்டிக்குள் போகக்கூடாது. மிதப்பையும் கழற்றுங்கள். பிறகு ஒரு கிழமை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றுங்கள். என்னுடையது நாலாம் நாள் வரைக்கும் கருவாடு மணத்தது, வீட்டில் பூனை மூன்றும் வாளியைச் சுற்றியே படுத்துக் கிடந்தன. மிஞ்சின வலையை வளவில் போட்டுவைக்கவேண்டாம், சாரைப்பாம்பு சிக்கிச் செத்துப்போகும், கண்டிருக்கிறேன்.

வலையை ஓரடி உயரத்துக்கு இறுக்காமல் பொதபொதவென்று போட்டு, அதற்கு மேலே இன்னொரு ஓரடி உடைந்த ஓடு. நாட்டு ஓடு, இரண்டு அங்குலத் துண்டுகளாக. சுட்ட மண் சொரசொரப்பானது, பக்டீரியா நன்றாகப் பிடிக்கும். எங்கள் ஊரில் ஒரு காலம் திரும்பின பக்கமெல்லாம் உடைந்த ஓடுதான் கிடந்தது, இப்போது தேடவேண்டியிருக்கிறது. கிடைக்காவிட்டால் கரண்ட் வயர் போடுகிற பிவிசி கொண்டியூட் பைப்பை அரை அங்குலத் துண்டுகளாக அரிந்து போடலாம், பொழுது போகாத பின்னேரத்துக்கு நல்ல வேலை. சோடாப் போத்தல் மூடியும் சரி, ஆனால் அது மிதக்கும், வலைப்பையில் கட்டி ஓட்டுக்குக் கீழே வைக்கவேண்டும். சுண்ணாம்புக் கல் போடவேண்டாம். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வருகிற வெள்ளைக் கல்லில் சந்தேகம் என்றால் வினாகிரி இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு, ஏற்கனவே கடினமான எங்கள் கிணற்றுத் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். தும்பும் வேண்டாம், உக்கித் தண்ணீரைக் கபில நிறமாக்கிவிடும்.

மோட்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கிற லீற்றரை அப்படியே நம்பக்கூடாது. அது மேலே தூக்காமல் ஓடும்போது வருகிற அளவு. பரலின் உச்சி என் தொட்டித் தண்ணீர் மட்டத்தில் இருந்து மூன்றரை அடி, அந்த உயரத்துக்குத் தூக்கினால் பாதி கூட வராது சிலவற்றில். 2000 முதல் 2500 லீற்றர் என்று போட்டிருக்கிற, 2.5 மீற்றருக்குக் குறையாமல் தூக்கும் என்று எழுதியிருக்கிற மோட்டராகப் பாருங்கள். வாங்கிப் பூட்டின பிறகு வெளியே வருகிற தண்ணீரை 10 லீற்றர் வாளியில் பிடியுங்கள், 30 செக்கனில் நிறைந்தால் மணித்தியாலத்துக்கு 1200 லீற்றர், அதுதான் நமக்குத் தேவை. 35 வோற்ஸ் மோட்டர் இராப்பகலாக ஓடினால் மாதம் 25 அலகு. மின்சாரப் பட்டியலில் அலகு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறுவதால், நீங்கள் ஒரு படியின் விளிம்பில் நிற்கிற வீடு என்றால் இந்த 25 அலகு கடிக்கும், முதலே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. விடியப்புறத்தில்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு.

மோட்டரைத் தொட்டியின் அடியில் வைக்காமல் ஒரு கல்லின் மேல், அடியில் இருந்து முக்கால் அடி உயரத்தில் வையுங்கள். எங்காவது குழாய் கழன்று தண்ணீர் வெளியே ஓடினாலும் மோட்டர் மட்டத்துக்குக் கீழே இறைக்காது, மீன் தப்பும். வயரை நிலத்தில் போட்டு ஒட்டுப் போடவேண்டாம், பிளக் மழை படாத இடத்தில் உயரத்தில் இருக்கட்டும், வயர் பிளக்குக்குப் போகமுன்னர் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மின்சார வேலைக்காரரைக் கூப்பிடும் வரைக்கும் மோட்டரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். தொட்டிக்குள் கை வைக்கமுன்னர் பிளக்கைக் கழற்றுகிற பழக்கம் பிள்ளைகளுக்கும் வரவேண்டும்.

வெளியே வருகிற குழாய் தண்ணீருக்குள் அமிழாமல் அரை அடி உயரத்தில் இருந்து விழட்டும். சத்தத்துக்காக இல்லை. 20 பாகையில் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் ஏழரைதான். எங்கள் ஆவணி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30ஐச் சும்மா தாண்டும். விழுகிற தண்ணீர் காற்றைக் கலக்கிக்கொண்டு போகும், அதோடு அசைகிற தண்ணீரில் நுளம்பு முட்டை இடாது. மூலையில் அசையாமல் நிற்கிற தண்ணீருக்குப் பத்துக் கப்பி மீன் விட்டுவிடுங்கள், டெங்குப் பரிசோதனைக்கு வருகிற பி.எச்.ஐ. ரோச் அடித்துப் பார்த்தாலும் ஒரு புழு காணமாட்டார்.

பூட்டி முடிந்தது, சுவிட்சைப் போட்டாயிற்று, இனிப் பொறுமை. பக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். இந்தக் காலத்தில் மூன்று நான்கு மீனுக்கு மேல் விடக்கூடாது, தீன் நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை. புதுச் சீமெந்துத் தொட்டி என்றால் அதற்கும் முதலே இரண்டு மூன்று தடவை தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு கிழமை விட்டு, இறைத்துவிடுங்கள், சுண்ணாம்பு கசியும். யாராவது தெரிந்தவர் வீட்டில் ஓடுகிற வடிகட்டி இருந்தால் அதிலிருந்து நாலைந்து கல்லைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் பரலில் போட்டால் பாதி நாள் மிச்சம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரித்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து நின்றால் தீனை நிறுத்தி, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம். எல்லாம் நிலைத்த பிறகு என் தொட்டியளவுக்கு 15 கோல்ட் பிஷ் போதும். கோய் வேண்டாம், அது இரண்டு அடிக்கு வளரும், தொட்டியின் ஆழமே இரண்டு அடி.

கழுவுகிற விசயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கிழமைக்கு ஒரு தடவை கீழ் வால்வை முழுக்கத் திறந்து, கறுப்பாக வருகிறது தெளியும் வரைக்கும் விடுங்கள், 20, 30 லீற்றர் போகும். அதை வீணாக்காதீர்கள், தென்னைக்கும் வாழைக்கும் அதைவிடப் பசளை இல்லை. வலையை நான்கு ஐந்து மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் அள்ளி, அதற்குள் இரண்டு முக்கு முக்கி எடுத்து அப்படியே வையுங்கள். வழவழப்பு இருக்கத்தான் வேண்டும். ஓட்டுத் துண்டுகளையும் அதே நாளில் கழுவவேண்டாம், வலை ஒரு மாதம் என்றால் ஓடு இன்னொரு மாதம்.

2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு குளோரின் போட்டிருந்தார்கள். வெள்ளம் ஏறின கிணற்றுக்கு அது போடத்தான் வேண்டும். தொட்டிக்குள்ளும் சேறு வந்துவிட்டது என்று நான் அவசரப்பட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி, வலை, ஓடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழுவி, தொட்டியையும் நிரப்பினேன். பக்டீரியா அன்றைக்கே முடிந்தது. அடுத்த நாலு நாளில் 16 மீனில் 11 போனது. முழுக்க என் பிழை. குளோரின் தண்ணீர்தான் கையில் இருக்கிறது என்றால், அகலமான பாத்திரத்தில் திறந்து ஒன்றிரண்டு நாள் வெயிலில் விட்டு, அவ்வப்போது கலக்கிவிட்டுப் பாவியுங்கள். குழாய்நீர் எடுக்கிற வீடுகளும் அப்படித்தான்.

கரண்ட் நீண்ட நேரம் போனால் பரலுக்குள் ஒட்சிசன் தீர்ந்து உள்ளே எல்லாம் அழுகத் தொடங்கும். 2022 பங்குனியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்களே, அப்போது கண்ட பாடம்: கரண்ட் வந்ததும் மோட்டரைப் போடமுன்னர் கீழ் வால்வைத் திறந்து பரல் தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டுவிடவேண்டும். முட்டை அழுகின மாதிரி மணக்கும், அது தொட்டிக்குள் போனால் மீன் தாங்காது. ஓரிரண்டு மணித்தியாலம் போனதற்கு இதெல்லாம் தேவையில்லை.

"எல்லாம் செய்தும் தண்ணி பச்சையா நிக்குதே" என்று கேட்பவர்களுக்கு: பச்சைத் தண்ணீரை இந்தப் பரல் வடிக்காது. அந்தப் பாசி ஒவ்வொன்றும் ஒற்றைக் கல உயிர், அவ்வளவு நுண்ணியது, வலைக்குள்ளாலும் ஓட்டுக்குள்ளாலும் வலு சுகமாகப் போய்வரும். அதற்கு வெயிலைக் குறைக்கவேண்டும், பசளையைக் குறைக்கவேண்டும். தொட்டியில் பாதிக்கு மேலே நாலு தடி நட்டுக் கிடுகு போட்டேன், அல்லி இரண்டு வைத்தேன், மூன்று கிழமையில் அடி தெரிந்தது. ஆகாயத்தாமரையைக் குளத்தில் இருந்து அள்ளிக்கொண்டு வராதீர்கள், அதை வைத்திருக்கக்கூடாது என்று 1909 இலேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள், மாரியில் உங்கள் தொட்டி வழிந்தால் அது வாய்க்கால் பிடித்து வயலுக்குப் போய்விடும்.

பசளையைக் குறைக்க நான் செய்தது, பரலில் இருந்து வருகிற இரண்டு அங்குலக் குழாயை நேரே தொட்டிக்குள் விடாமல், ஒரு நீளமான பீலிக்குள் விட்டது. பழைய ஆறங்குல பைப்பை நீளப்பாட்டுக்கு இரண்டாகப் பிளந்து, கூழாங்கல் நிரப்பி, கங்குன் கீரைத் தண்டுகளை ஊன்றினேன். நைத்திரேற்றை அது குடித்துவிடும், வெட்ட வெட்டத் தளிர்க்கும். பீலியின் கடைசி முனையில் இருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழுகிறது. வல்லாரையும் அதில் நன்றாக வரும், ஆனால் மீன் தண்ணீரில் வளர்ந்ததைப் பச்சையாகச் சம்பல் போட எனக்கு மனமில்லை. கங்குன் என்றால் நன்றாகக் கழுவி வறுத்துச் சாப்பிடுகிறதுதானே.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிழமைக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் தண்ணீர் ஆவியாகிப் போகும். போனதை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் தண்ணீர் போகும், உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டு வரும். அதனால் முதலில் பத்தில் ஒரு பங்கை இறைத்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள். மோட்டர் சத்தம் மாறினால் கழற்றி உள்ளே சுற்றுகிற காந்தத் துண்டைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ ஒரு இரவு போட்டுவிட்டு, பழைய பல்லுப் பிரசால் தேய்த்தால் போய்விடும்.

மூடிக்கு மேலே முதலில் ஒரு கல்லுத்தான் வைத்திருந்தேன். குரங்குகள் மூன்று நாளில் அதை உருட்டிவிட்டு, ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்து முற்றத்தில் எறிந்திருந்தன. இப்போது பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, பரலைச் சுற்றி இரண்டு தரம் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். இதுவரைக்கும் அவிழ்க்கவில்லை.